தோற்றவர்களுக்கே முதல் உரிமை

பதினேழு ஆட்டங்களில் பதினான்கைத் தோற்றோம்.
அதற்குப் பரிசாக
நாட்டின் மிகச் சிறந்த பையனை
முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை எங்களுக்கு.
சட்டம் இரக்கமுள்ளது.
கூரை ஒழுகும் வீடாகப் பார்த்து
புது விளக்கை அனுப்பி வைக்கிறது.

நான் லாயிட் ஹெனெகன்.
டொலீடோ அணிக்கு ஆள் தேடி
இருபத்திரண்டு வருடம் கல்லூரி கல்லூரியாகக் கார் ஓட்டியவன்.
கையால் எறிகிற கால்பந்து எங்களுடையது.
சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச்.
லிஃப்ட் கதவு மூடுவதைக்கூட அளந்திருக்கிறேன்.
மூன்று புள்ளி எட்டு.

பிப்ரவரியில் பையன்களை
அரைக்கால் சட்டையோடு மேடையில் நிறுத்துவோம்.
உயரம். எடை.
கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை
ஒன்பதே கால் அங்குலம்.
மாட்டுச் சந்தையில் சுழியும் பார்ப்பார்கள்.
நாங்கள் அது ஒன்றைத்தான் பார்ப்பதில்லை.

ஐசேயா ப்ரூடமை முதலில் பார்த்தது
லூசியானாவில், மழையில்,
பாதி காலியான மைதானத்தில்.
அவன் எறிந்த பந்தை எதிரி பிடித்துக்கொண்டு ஓடினான்.
ஆட்டம் கைவிட்டுப் போயிற்று.
ஐசேயா பெஞ்சுக்கு வந்து,
தடுப்பு வரிசையில் வழுக்கி விழுந்த தடியனின் பக்கத்தில் உட்கார்ந்து,
அவன் ஷூவில் அப்பிய சேற்றை
ஐஸ்குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
அடுத்த முறை தடியன் வழுக்கவில்லை.

இதை எழுத
என் படிவத்தில் கட்டம் இல்லை.
'தலைமைப் பண்பு: 6' என்று போட்டேன்.
ஏழு போட்டிருக்கலாம்.

ஏப்ரலில் அவன் பெயரை வாசித்தார்கள்.
இறால் உரிக்கும் ஆலையில் ஒரு நாள் விடுப்புச் சொல்லி வந்திருந்த அம்மா
எங்கள் தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.
விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் பயிற்சியாளர் சொன்னார், இடது காலை முன்னே வை.
அவரை டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள்.
இரண்டாமவர், யாரப்பா சொன்னது, வலது கால்.
மூன்றாமவர் காலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை,
அவர் வந்த நாள் முதல்
வீட்டை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.
தடுப்பு வரிசையில் இரண்டு பேருக்கு முழங்கால் போயிற்று.
மாற்று ஆள் வாங்க
சம்பள உச்சவரம்பில் இடமில்லை.
ஒரே பருவத்தில் அறுபத்தொரு முறை
அவனைத் தரையில் சாய்த்தார்கள்.
அதற்குப் பிறகு அவன் கண்கள்
பந்துக்காக ஓடும் கூட்டாளியைப் பார்க்கவில்லை.
பாய்ந்து வருகிறவனைப் பார்த்தன.
ஒரு குவார்ட்டர்பேக் கெட்டுப்போவது
அவ்வளவு சின்னக் கோணத்தில்.

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
தெரியும்தான்,
மாதாமாதம் பிடுங்கி வேர் பார்க்காமலிருந்தால்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.
அதே வருடம் அயோவாவில் ஒருவனுக்கு
'கையில் வலுவில்லை, வேண்டாம்' என்று எழுதியவனும் நானே.
கோரி வான்டர்ஷூட்.
ஆறாம் சுற்றில், எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில்,
யாரோ எடுத்தார்கள்.
எடுத்தவர்கள் இரண்டு வருடம்
பெஞ்சில் வைத்து மறந்துவிட்டார்கள்.
அந்த மறதிதான் அவனுக்குக் கிடைத்த பயிற்சி.
இப்போது அவன் முகம் பீட்சா பெட்டிகளில்.
நான் பெட்டியைக் கவிழ்த்து வைத்துத் தின்கிறேன்.

போன மாதம் லேக் சார்ல்ஸ் பக்கம் பெட்ரோல் போட நின்றேன்.
எதிர்ப் பம்பில் எரிவாயு லாரி.
ஓட்டுநர் இறங்கி, காலி காபிக் கோப்பையை
முப்பதடி தள்ளியிருந்த குப்பைத்தொட்டிக்கு
அரைத் திரும்பலில் எறிந்தான்.
காற்று வேறு அடித்தது.
உள்ளே விழுந்தது.
எந்தக் கால் முன்னே இருந்ததென்று
நான் கவனிக்கவில்லை, கவனித்திருக்க வேண்டும்.

"டொலீடோ எப்படி இருக்கு?" என்றான் ஐசேயா.
"இந்த வருடம் பதினைந்து தோல்வி."
அவன் டீசல் மூடியைத் திருகி மூடினான்.
"அப்போ இந்தத் தடவையும்
முதல் ஆள் உங்களுக்குத்தான்."